திருப்பித் தராத டிரைவர்

தவசிமுத்துவுக்கு முதலில் துரோகம் செய்தவன் கனகலிங்கம். அதற்குப் பின்னால் செய்தவர்களும் உண்டு. ஆனால் வரிசையில் முதலிடம் அவனுக்குத்தான். அதை வேறு யாருக்கும் தவசிமுத்து விட்டுக்கொடுத்ததில்லை.

இருவரும் சேர்ந்து கோவில்பட்டியில் கேபிள் தொழில் நடத்திய காலம் அது. இன்டர்நெட் வந்தது. யூனிக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றைப் போட்டு ஒரு கம்ப்யூட்டர் மெஷினை வைத்தார்கள். ஊருக்கு வருவதும் ஊரிலிருந்து போவதும் அதன் வழியாகத்தான். அதில் செருகியிருந்த நெட்வொர்க் அட்டைக்கு ஒரு டிரைவர் உண்டு. அட்டைக்கும் மெஷினுக்கும் நடுவே நின்று வாங்கிக் கொடுக்கிற சின்ன நிரல். அதில் ஒரு பிழை இருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட தவசிமுத்து தட்டித் தடவி அதைக் கண்டுபிடித்தார். அந்த இயங்குதளத்தை உலகெங்கும் பலர் சேர்ந்து, யாரும் படித்துத் திருத்தலாம் என்று எழுதிவந்தார்கள். இங்கிலீஷ் தெரிந்த கனகலிங்கம் பிழையை அந்த உலகத்துக்கு எழுதி அனுப்பினான். தன் பெயரில்.

உலகம் அவனைப் பாராட்டியது. அந்த டிரைவருக்கே அவனைப் பொறுப்பாளன் ஆக்கியது. அவன் பெங்களூருக்குப் போய்விட்டான்.

தவசிமுத்து பங்கு கேட்கவில்லை. 'கண்டுபிடித்தது தவசிமுத்து' என்று ஒரே ஒரு வரி கேட்டார். அது வரவில்லை.

இப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவர் குருவாக ஏற்றுக்கொண்டவருக்கு அதில் பாதி வயது. பெயர் செண்பகவல்லி. ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மாடியில் டிரைவர் எழுதச் சொல்லிக்கொடுப்பவர். ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர். தவசிமுத்துவுக்கும் டீச்சர்தான்.

ஒருநாள் காலையில் தவசிமுத்து இரைக்க இரைக்கப் படியேறி வந்தார்.

"டீச்சர், கனகலிங்கம் மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்."

"என்ன பண்ணினார்?"

"என் மெஷின்ல மெமரியத் திருடுதான்."

டீச்சர் நாற்காலியைக் காட்டினார். தவசிமுத்து உட்காரவில்லை.

"அவன் டிரைவரோட புதுப் பதிப்பைப் போட்டதுல இருந்து இந்தக் கூத்து. கொஞ்சம் கொஞ்சமா மெமரி தேயுது. கடைசியில மெஷின் உயிரோட இருக்கு, வாய் பேசமாட்டேங்குது. நான் இன்னும் ரெண்டு மெமரி அட்டை வாங்கிப் போட்டேன்."

"போட்டதும்?"

"கொஞ்சம் தாமதமாச் சாவுது."

"ரீபூட் பண்றீங்களா?"

"தினம் காலையில. தானா ரீபூட் ஆகிற மாதிரி வச்சிருக்கேன்." அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"சாட்சியைத் தினம் குளிப்பாட்டி அனுப்பிட்டுத் துப்புக் கிடைக்கலைன்னா எப்படி அண்ணாச்சி?"

தவசிமுத்து உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழமை சாயந்திரம்தான் கெடு, டீச்சர். அதுக்குள்ள சரியாகலைன்னா என்கிட்ட லைன் எடுக்கிற அத்தனை பேரும் பெரிய கம்பெனிக்குப் போயிருவாங்க. கடம்பூர் கொம்பையாதான் தலைமை. 'அண்ணாச்சி, உம்ம லைனும் எங்க ஊரு டவுன் பஸ்ஸும் ஒண்ணு, மேட்டுல எறங்கித் தள்ளணும்'னு எல்லார் முன்னாலயும் சொல்லிச் சிரிக்கான். அவங்க போயிட்டா நான் கடையைச் சாத்திர வேண்டியதுதான்."

டீச்சருக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அதான் கேக்கேன். கனகலிங்கம் எந்த இடத்துல திருடுதான்?"

"மெமரி எங்க போகுதுன்னு கேக்கறீங்களா, கனகலிங்கம் எங்க போறார்னு கேக்கறீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"சரி. இன்னைக்கு ரீபூட் வேண்டாம். ஓடட்டும்."

"நின்னுபோச்சுன்னா?"

"நிக்கறதுக்கு முன்னால அது என்ன சொல்லுதுன்னு கேட்போம்."

இன்டர்நெட்டில் தகவல் சின்னச் சின்னப் பொட்டலமாகத்தான் வரும். வருகிற ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மெஷின் தன் நினைவகத்தில் ஓர் அறையை எடுத்து டிரைவருக்கு இரவல் கொடுக்கும். வேலை முடிந்ததும் டிரைவர் அறையைத் திருப்பித் தரவேண்டும். எத்தனை அறை வெளியே நிற்கிறது என்று கேட்டால் மெஷினே சொல்லும். தவசிமுத்து கடைக்குப் போய்க் கேட்டார். எண் ஏறிக்கொண்டே போனது. மத்தியானம், ஊரில் பாதிப் பேர் தூங்கும் நேரத்திலும் ஏறியது.

டீச்சர் போனில் சொன்னார். "ஒரு நிமிஷம் லைனைப் பிடுங்குங்க."

"ஊரே என்னை ஏசும்."

"ஏற்கெனவே ஏசிக்கிட்டுத்தானே இருக்கு? பிடுங்குங்க."

பிடுங்கினார்.

"எண் இறங்குதா?"

"இல்லை. அப்படியே நிக்கி. ஒரு பொட்டலம்கூட வரலை, ஆனா அறை எல்லாம் வெளிய நிக்கி. ஆளே இல்லாத வீட்டு வாசல்ல செருப்பாக் கிடக்கிற மாதிரி."

"அப்ப கூட்டம் காரணமில்லை. யாரோ திருப்பித் தரலை."

"யாரோ இல்லை டீச்சர். அவன்தான்."

"எங்கே?"

அந்த 'எங்கே'யைத் தேடித் தவசிமுத்து டிரைவரின் நிரலைத் திறந்தார். கனகலிங்கம் எழுதியதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். அறையை வாங்குகிற ஒவ்வோர் இடத்திலும் விரலை வைத்தார். அங்கிருந்து நூல் பிடித்துக்கொண்டு போனார். வாங்கிய அறையில் பொட்டலம் போனது, பொட்டலம் மேலே ஏறியது, அறை திரும்பியது. எங்கு வாங்கினாலும் அப்படியே இருந்தது. கனகலிங்கம் யோக்கியன் மாதிரி எழுதியிருந்தான். தவசிமுத்துவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

மறுநாள் மறுபடியும் படியேறினார்.

"கண்டுபிடிக்க முடியலை. நல்லா மறைச்சு வச்சிருக்கான்."

டீச்சர் எழுந்தார். "வாங்க, கீழே போவோம்."

மாடிக்குக் கீழேதான் சைக்கிள் ஸ்டாண்டு. பெயர்தான் சைக்கிள் ஸ்டாண்டு, நிற்பதெல்லாம் பைக்கும் ஸ்கூட்டரும். வாசலில் மாடத்தி டோக்கன் கொடுப்பாள். உள்ளே அவள் புருஷன் சுடலைமுத்து வண்டியை வாங்கி வரிசையில் நிறுத்துவான். வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் வாசலில் டோக்கனைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இருவரும் போனபோது மாடத்தி ஒருவரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"உள்ளதான் எடம் கெடக்கேம்மா?"

"எடம் கெடக்கு, டோக்கன் கெடக்கலை. போங்க சார்."

உள்ளே பாதி ஸ்டாண்டு காலியாக வெயில் காய்ந்தது. டீச்சர் வேப்பமர நிழலில் நின்றார். தவசிமுத்துவும் நின்றார்.

"ஏ மனுசா!" என்று மாடத்தி உள்ளே பார்த்துக் கத்தினாள். "புது டோக்கன் அடிச்சு இன்னும் மாசம் திரும்பலை. பூராவும் எங்க போச்சு? நீ எதுவும் தின்னியா?"

"ஆமா, மோருல கரைச்சுக் குடிச்சேன்" என்றான் சுடலைமுத்து. "வாசல்ல இருக்கிறவ நீ. என்கிட்டயா கேக்க?"

ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். டோக்கனைக் கொடுத்தார், போனார். அடுத்தவரும் கொடுத்தார். அதற்கடுத்தவரும் கொடுத்தார்.

தவசிமுத்து டீச்சரைப் பார்த்தார். "எல்லாரும் கொடுத்துட்டுத்தான போறாங்க?"

"வண்டி விட்டவங்க எல்லாரும் கொடுத்துட்டாங்க."

அப்போது பின்னால் தீப்பெட்டிக் கட்டுகளை அடுக்கிக் கட்டிய பைக் ஒன்று வந்தது. மாடத்தி டோக்கனை நீட்டினாள். வந்தவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

சுடலைமுத்து கையை நீட்டி மறித்தான். "தீப்பெட்டிக் கட்டோட உள்ள விடமாட்டேன் அண்ணே. இந்த வெயில்ல பத்திக்கிட்டா அத்தனை வண்டியும் போயிரும். எடுங்க, எடுங்க."

"கால் மணி நேரம்தாம்ப்பா."

"கால் நிமிஷம்கூட முடியாது."

அவர் முனகிக்கொண்டே வண்டியைத் திருப்பினார். வாசல் பக்கம் வரவில்லை. பின்பக்கம் கூட்ஸ் ஷெட்டுக்குப் போகிற சந்து வழியாக வெளியேறினார்.

டீச்சர் சுடலைமுத்துவைக் கூப்பிட்டார். "அவர்கிட்ட டோக்கன் வாங்கலையா?"

"நான் வண்டியையே வாங்கலையே டீச்சர். எனக்கு எதுக்கு அவர் டோக்கன்?"

மாடத்தி சொன்னாள், "நான் கொடுத்து உள்ள அனுப்பியாச்சு. அப்புறம் அது அவருபாடு."

தவசிமுத்து நிழலைவிட்டு நகர்ந்தார். டீச்சரிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்கு விரைந்தார்.

வாங்குகிற இடத்தை எல்லாம் பார்த்திருந்தார். வேண்டாமென்று தள்ளுகிற இடத்தைப் பார்க்கவில்லை. அளவுக்கு மீறிய பொட்டலம் வந்தால் கனகலிங்கத்தின் டிரைவர் அதைத் தொடாது. 'எடுக்கமாட்டேன்' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். பொட்டலத்தைத்தான் தள்ளியது. அதற்காக வாங்கிய அறை டிரைவரின் கையிலேயே இருந்தது. மெஷின் டிரைவர் தரும் என்று காத்திருந்தது. டிரைவர் தனக்குச் சம்பந்தமில்லை என்று இருந்தது.

தவசிமுத்து அந்த இடத்தில் ஒரு வரி எழுதினார். தள்ளினாலும் அறையைத் திருப்பிக் கொடு என்கிற வரி.

எழுதியதும் நம்பிவிடவில்லை. டீச்சர் அப்படிப் பழக்கவில்லை. பக்கத்து மெஷினிலிருந்து வேண்டுமென்றே பெரிய பெரிய பொட்டலமாக அனுப்பினார். பழைய டிரைவரில் எண் படிப்படியாக ஏறியது. புதியதில் ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது, இறங்கியது. மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் கொம்பையா போன் செய்தான்.

"அண்ணாச்சி, லைன் நிக்கவே இல்லையே. என்ன பண்ணினீரு?"

"மேட்டுல எறங்கித் தள்ளினேன்லே" என்றார் தவசிமுத்து. "அந்தப் பெரிய கம்பெனிக்காரனை வந்த பஸ்ஸுலயே ஏத்தி விடு."

எவரும் போகவில்லை. கடை பிழைத்தது.

திங்கட்கிழமை தவசிமுத்து மாடியேறினார். இந்த முறை மூச்சு வாங்கவில்லை.

"டீச்சர், அந்த வரி என் மெஷின்ல மட்டும்தான் இருக்கு."

"ஆமா."

"கனகலிங்கம் அடுத்த பதிப்பு விட்டா, அதை நான் போட்டா, பழையபடி ஓட்டை வந்துரும்."

"வரும். அவருக்கு அனுப்புங்க."

"அவனுக்கா? இருக்கிற கடனையே அவன் தீர்க்கலை. அந்த ஒரு வரியை முதல்ல அவன் எழுதட்டும், அப்புறம் இந்த ஒரு வரியை நான் அனுப்புதேன்."

"அனுப்பலைன்னா அவர் உங்களுக்கு எவ்வளவு கடன்?"

"ஒண்ணு."

"அனுப்பினா?"

தவசிமுத்து யோசித்தார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது.

"ரெண்டு" என்றார்.

அன்று மத்தியானமே அனுப்பினார். இங்கிலீஷில் எழுத டீச்சர் உதவினார். அடியில் தன் பெயரைத் தவசிமுத்து தானே, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார்.

பெங்களூரிலிருந்து பதில் வந்தது. 'சேர்த்துவிட்டேன்' என்று ஒரே சொல். வணக்கம் இல்லை, நன்றி இல்லை. அந்த மாதக் கடைசியில் டிரைவரின் புதிய பதிப்பு வெளிவந்தது. அதோடு வந்த குறிப்பில் இருந்தது: 'நினைவகக் கசிவு சரிசெய்யப்பட்டது. கனகலிங்கம்.'

தவசிமுத்து போனை டீச்சரின் மேஜைமேல் வைத்தார்.

"பாத்தீங்களா?"

டீச்சர் படித்தார். போனைத் திருப்பித் தந்தார்.

"பார்த்தேன்."

"அவன் மாறமாட்டான். இந்த ஜென்மத்துல அவன்கிட்ட இருந்து எதுவும் வராது."

"வராது" என்றார் டீச்சர்.

அவர் மறுத்துப் பேசுவார் என்று தவசிமுத்து எதிர்பார்த்திருந்தார். பதில்கூடத் தயாராக வைத்திருந்தார்.

"அப்ப நான் அனுப்பினதுக்கு என்ன அர்த்தம்?"

"கனகலிங்கம் மெஷின்ல என்ன டிரைவர் ஓடுது?"

"அவன் எழுதின டிரைவர்தான். வேற எதை ஓட்டுவான்?"

"புதுப் பதிப்பா?"

"பொறுப்பாளனே பழசை ஓட்டுவானா? புதுசுதான்."

ஸ்டேஷனில் ஒரு ரயில் நிற்காமல் போனது. சத்தம் அடங்கும்வரை டீச்சர் காத்திருந்தார்.

"அப்ப இனிமே அவர் ஒவ்வொரு தடவை வேண்டாம்னு தள்ளும்போதும், திருப்பிக் கொடுக்கறது உங்க வரிதான் அண்ணாச்சி."