பழைய பேக்கேஜும் மேலாளர் விரலும்

திருநெல்வேலியில் அணைகளின் நீர்மட்டத்தை அளந்து சொல்லும் கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே லினக்ஸ் கணினிகளில் மென்பொருள்களை எளிதாக நிறுவும்படி பேக்கேஜாகக் கட்டித் தருவது ஒப்பந்த ஊழியர் செல்வமேரியின் வேலை. மேலாளர் வைத்தியலிங்கத்துக்கு அவள் பெயர்கூடத் தெரியாது, வெறும் "ஏம்மா"தான்.

மென்பொருள்களுக்குத் திரையும் பொத்தானும் அமைக்கிற டூல்கிட்டின் ஆறாம் பதிப்பு வந்ததும் அவர் கூட்டம் போட்டார். "அதை வெச்சு வரைபடம் போடுற லைப்ரரி இனிமே ஆறாம் பதிப்புக்கு மட்டும்தான். ஐந்தாம் பதிப்புக்கான பேக்கேஜ் இன்னைக்கே எல்லா மெஷினிலிருந்தும் போகணும்!"

"சார், பழசை நம்பி இன்னும் சில மென்பொருள் ஓடுது. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கலாமே?"

"ஏம்மா, எதிர்த்துப் பேசாதே!"

"சரிங்க சார். நல்ல காரியம், உங்க கையாலேயே ஆரம்பிச்சு வைங்க." பெரிய திரையில் நீக்கும் கட்டளையை அடித்துவிட்டு, செல்வமேரி கீபோர்டை அவர் பக்கம் பவ்யமாக நகர்த்தினாள்.

அவர் தோரணையாக என்டரைத் தட்டினார். ஒன்றை நீக்குமுன், அதை நம்பி ஓடுகிறவற்றில் கூடவே எவையெல்லாம் போகும் என்று லினக்ஸ் பட்டியல் போட்டுக் கேட்கும். பட்டியலின் முதல் வரியில் 'வைத்தி வரைபடம்' நின்றது. அவரே எழுதி, விருது வாங்கி, பத்து வருடமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்ட மென்பொருள்!

'தொடரலாமா?' என்றது திரை. யாரோ செருமினார்கள்.

வைத்தியலிங்கத்தின் விரல் மெல்ல 'இல்லை'யைத் தட்டியது. "ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும். ஆறுக்குத் தனியா கட்ட எத்தனை நாளாகும்மா?"

"போன வாரமே கட்டி வெச்சிட்டேன் சார். ரெண்டும் இருக்கட்டும்ங்கிற வார்த்தை உங்க வாயால வரட்டும்னுதான் காத்திருந்தேன்."