மூன்று சிலிண்டரிலும் பி

"மூணு சிலிண்டர்லயும் பி-ன்னு போட்டிருக்குதுங்க அம்மணி. இதுல எது சரி?"

பொன்னுரங்கம் மேஸ்திரிதான் கேட்டார்.

ஜெசிந்தா இரும்புத் தட்டில் டர்பன்டைனை ஊற்றிக்கொண்டிருந்தார்.

கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறை அது. போன மாதம் எதிர்ப் பட்டறையில் டர்பன்டைன் டப்பா தீப்பிடித்தது. ஒருவர் நல்ல மனசோடு ஓடிப்போய் ஒரு பக்கெட் தண்ணீரை அதன்மேல் வீசினார். தீ கூரைக்கு ஏறிவிட்டது. அவர் இன்னமும் இரண்டு கையிலும் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

அதைப் பார்த்து அரண்டுபோன முதலாளி, தன் பெயின்ட் ஷெட்டை இழுத்துப் பூட்டிவிட்டார்.

"நம்ம ஆளுங்கள்ல ஒருத்தனாவது அந்தம்மா முன்னாடி தீய அணைச்சுக் காட்டட்டும். அப்பத்தான் தொறப்பேன்."

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. பெயின்டர்கள் வேலையில்லாமல் டீக்கடை பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் மூத்தவர் பொன்னுரங்கம். தலையைக் கொடுத்தாக வேண்டியவரும் அவர்தான்.

அந்தம்மா என்று முதலாளி சொன்னது ஜெசிந்தாவைத்தான். தீயணைப்புத் துறையில் இருந்துவிட்டு இப்போது பட்டறை பட்டறையாகப் போய்ப் பயிற்சி கொடுப்பவர். தூத்துக்குடிக்காரர். மேஸ்திரியின் மகள் வயசு. பேச்சுக்கும் அவருக்கும் ரொம்ப தூரம்.

மேஸ்திரி பாடத்தை நெட்டுருப் போட்டு வைத்திருந்தார். துணி, கட்டை, காகிதம் எரிந்தால் அது ஏ வகைத் தீ. எண்ணெய், பெட்ரோல், டர்பன்டைன் எரிந்தால் பி. வரிசையில் தீயணைக்கும் சிலிண்டர்கள் நான்கு. நான்கும் சிவப்பு. தண்ணீர் சிலிண்டரில் ஏ மட்டும் இருந்தது. கார்பன் டை ஆக்சைடு கேஸ், பவுடர், நுரை மூன்றிலும் பி.

"தண்ணி ஆகாது. அது எனக்கே தெரியுமுங்க" என்று அதைக் காலால் ஒதுக்கினார்.

ஜெசிந்தா எல்லாரையும் பின்னால் போகச் சொன்னார். தட்டுக்குத் தீ வைத்தார். நீளக் காம்பு வைத்த கரண்டியில் ஒரு கரண்டி தண்ணீர் மொண்டு அதில் கவிழ்த்தார்.

தீ ஆள் உயரத்துக்கு எழும்பியது. எரிகிற டர்பன்டைன் தண்ணீர்மேல் ஏறி, தட்டைத் தாண்டி வழிந்தது. அத்தனை தூரத்திலும் மேஸ்திரியின் மீசையில் அனல் அடித்தது.

"தெரியும்னீங்க. பாத்திருக்கீங்களா அண்ணாச்சி?"

"இல்லீங்க."

"இப்ப பாத்துட்டீங்க."

ஜெசிந்தா இரும்பு மூடியைத் தள்ளித் தட்டை மூடினார். தீ அடங்கியது. மேஸ்திரியின் கண் அதற்குள் சிலிண்டர்கள் பக்கம் போயிருந்தது.

மறுநாள் அவர் கேஸ் சிலிண்டரைத் தூக்கினார். கறுப்புக் குழலும் அதுவுமாகப் பார்க்க அதுதான் கம்பீரமாக இருந்தது.

புஸ்ஸென்று வெள்ளைப் புகை. தீயைக் காணோம். மேஸ்திரி நெஞ்சை நிமிர்த்தினார். நிமிர்த்தி முடிப்பதற்குள் மேற்கேயிருந்து காற்று வந்தது. புகை கலைந்தது. தீ பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"காத்து கெடுத்துருச்சுங்க அம்மணி."

"காத்துக்கு லீவு குடுக்க முடியுமா அண்ணாச்சி?"

அடுத்த தடவை பவுடர். முற்றமெல்லாம் மாவு மில்லாகிப் போனது. தீ ஒரே அமுக்கில் போய்விட்டது. பெயின்டர்கள் கைதட்டினார்கள். மருதன் என்கிற பெயின்டர் வாயில் விரலை விட்டு விசிலடித்தான்.

ஜெசிந்தா மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தட்டின் விளிம்பு பழுக்கக் காய்ந்திருந்தது. அங்கிருந்து ஒரு சின்ன நீல நாக்கு நீண்டது. அவ்வளவுதான். தட்டு முழுக்க மறுபடி பற்றிக்கொண்டது. மருதன் வாயில் வைத்த விரலை எடுக்க மறந்துபோனான்.

"அணைஞ்சுதுங்களே!" என்றார் மேஸ்திரி.

"அணைஞ்சுது."

"அப்பறம் எப்படித் திரும்பி வந்துச்சு?"

"எங்க போச்சு, திரும்பி வாரதுக்கு?"

மேஸ்திரிக்குக் கோபம் தலைக்கேறியது. வேலை சொல்லிக்கொடுக்க வந்தவரா, விடுகதை போட வந்தவரா? தட்டை மூடி, ஆறவைத்து, மறுபடி பற்றவைக்கச் சொன்னார். மிச்சமிருந்தது நுரை சிலிண்டர். அதைத் தூக்கி, கைப்பிடியில் செருகியிருந்த பின்னை உருவி, இத்தனை நாள் பட்ட அவமானத்தையெல்லாம் சேர்த்து தட்டின் நடுவைக் குறிவைத்து ஓங்கி அடித்தார்.

டர்பன்டைன் எரிந்துகொண்டே நாலாபக்கமும் தெறித்தது. ஒரு துளி அவர் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்து எரிந்தது. ஜெசிந்தா அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். பிறகுதான் தட்டை மூடினார்.

மேஸ்திரிக்கு மூச்சு வாங்கியது.

"இதுவும் தப்புங்களா?"

"சிலிண்டர் சரி."

"அப்பறம்?"

"கை."

மேஸ்திரி செருப்பை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

முப்பது வருஷமாக பெயின்ட் அடித்த கை. இந்தக் கையைப் பார்த்து ஒரு சின்னப் பொண்ணு குறை சொல்வதா? பயிற்சிக்கு அதுதான் கடைசி நாள். ஜெசிந்தா சாயங்காலம் ஊருக்குக் கிளம்பிவிடுவார். அதற்குப் பிறகு ஷெட் எப்போது திறக்குமோ, முதலாளிக்கே வெளிச்சம். டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் என்ன பதில் சொல்வது?

டீக்கடை வாசலில் மருதன் தன் மொபெட்டுக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஸ்ப்ரே கன்னை எடுத்து வந்திருந்தான். டேங்கில் பெயின்ட் கண்ணீர் மாதிரி கோடு கோடாக ஓடிக்கொண்டிருந்தது.

மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை.

"டேய்! எதுக்குடா அது மேல கொண்டுபோய் முட்டற? தள்ளி நில்லு. பெயின்ட் பாயக்கூடாதுடா. வந்து உக்காரோணும். கைய ஓட்டு. ஓரத்துல ஆரம்பிச்சு..."

நிறுத்திவிட்டார்.

"ஓரத்துல ஆரம்பிச்சு, அப்பறம் மேஸ்திரி?"

மேஸ்திரி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேஸ்திரி?"

அவர் அங்கே இல்லை. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, அந்த வயசில் யாரும் ஓடாத ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தார். என்னமோ ஏதோவென்று டீக்கடையே பின்னால் ஓடியது.

ஜெசிந்தா சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மணி. கொளுத்துங்க."

ஜெசிந்தா அவர் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தட்டையும் புதிய நுரை சிலிண்டரையும் கீழே இறக்கினார். டர்பன்டைன் ஊற்றினார். தட்டுக்குப் பின்னால் ஒரு தகரத்தை நிறுத்தினார். தீ வைத்தார்.

மேஸ்திரி அவசரப்படவில்லை. காற்று எந்தப் பக்கமென்று பார்த்து, அதற்கு முதுகைக் காட்டி நின்றார். தள்ளியே நின்றார். தீயைக் குறிவைக்கவில்லை. பின்னால் இருந்த தகரத்தில் நுரையை அடித்தார்.

நுரை தகரத்தில் மோதி, தளர்ந்து, வழுக்கி இறங்கியது. எரிகிற டர்பன்டைன்மேல் சத்தமில்லாமல் படர்ந்தது. மேஸ்திரியின் கை இடமிருந்து வலம், வலமிருந்து இடமென்று சீராகப் போய்வந்தது. ஒரு துளி தெறிக்கவில்லை. வெள்ளை அகலமாகிக்கொண்டே வந்தது. தீ ஒரு மூலைக்கு ஒதுங்கியது. அந்த மூலையும் மூடிக்கொண்டது.

தீ போன பிறகும் அவர் நிறுத்தவில்லை. விளிம்பெல்லாம் மறைய இன்னொரு சுற்று. அப்புறம்தான் சிலிண்டரைக் கீழே வைத்தார்.

ஒருத்தரும் கைதட்டவில்லை. அவர்களுக்கும் புத்தி வந்திருந்தது. எல்லாரும் தட்டையே பார்த்தார்கள்.

காற்று வந்தது. நுரை லேசாக நடுங்கியது. வேறொன்றும் நடக்கவில்லை.

ஜெசிந்தா நீளக் குச்சியின் முனையில் துணி சுற்றி, பற்றவைத்து, நுரைக்கு மேலே கொண்டுபோனார். ஒன்றுமில்லை. இன்னும் தாழ்த்தினார். ஒன்றுமில்லை.

குச்சியை மேஸ்திரியிடம் நீட்டினார்.

மேஸ்திரி அதை வாங்கி, எரிகிற முனையை நுரையின் மேலேயே வைத்து அழுத்தினார். சொய்ங் என்றது. அணைந்தது குச்சிதான்.

அப்போது எழுந்த சத்தத்தில் ரோட்டில் போன பஸ் ஒன்று பிரேக் போட்டது. மருதன் விசிலடித்தான், விரலை எடுக்காமலே இரண்டு மூன்று தடவை. யாரோ மேஸ்திரியைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். அவர் உடம்புக்கு அது நடக்கிற காரியமில்லை என்று விட்டுவிட்டார்கள். தன் கையால் பளபளத்துப் போன எத்தனையோ பஸ்களைப் பார்த்துப் பூரித்தவர் அவர். இந்தக் கரிபிடித்த தட்டைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது.

சத்தம் கேட்டு முதலாளி ஓடிவந்தார்.

"என்னம்மா, பாஸா?"

"அவர்ட்டயே கேளுங்க" என்றார் ஜெசிந்தா.

முதலாளி மேஸ்திரி பக்கம் திரும்பினார்.

பொன்னுரங்கம் மீசையில் ஒட்டியிருந்த நுரையை நிதானமாக வழித்தார்.

"ஷெட்டத் தொறங்க மொதலாளி."