இரண்டாம் கட்டம் காலி

பேனா, காகிதம் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். இந்தப் புதிருக்குக் கொஞ்சம் காதும் நிறையக் கண்ணும் போதும்.

திருச்சியில் ஒரு கல்லூரி. அங்கே உளவியல் பேராசிரியை கோதைநாயகி. அன்பு வைத்தவர்கள் ஒருவருக்கொருவர் வேலை செய்வது பாராட்டுக்கா, கடமைக்கா, ஆசைக்கா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பன்னிரண்டு ஜோடிகளை அழைத்து, ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்.

"அதாவது, பாருங்கள்," என்று ஆரம்பித்தார். தண்ணீர் கேட்பதாக இருந்தாலும் அவர் அப்படித்தான் ஆரம்பிப்பார். "ஒரு மாதம் எழுத வேண்டும். பக்கத்துக்கு மூன்று கட்டம். முதல் கட்டம், எனக்காக நான் செய்தது. இரண்டாவது, என் இணைக்காக நான் செய்தது. மூன்றாவது, இணை எனக்காகச் செய்தது. அன்றன்றைக்கே எழுத வேண்டும். ஒருவர் நோட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. மீறினால் நோட்டு செல்லாது. ஒருவர் நோட்டில் உள்ள செயல் மற்றவர் நோட்டிலும் இருந்தால் ஒரு மதிப்பெண். அதிக மதிப்பெண் எடுக்கும் ஜோடிக்கு மலை ரயிலில் இரண்டு டிக்கெட்!"

டிக்கெட்டுக்காக வராத ஒரே ஜோடி ஜெசிந்தாவும் பூவரசனும். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அவன் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். இருவரையும் அனுப்பி வைத்ததே ஜெசிந்தாவின் அப்பா சவரிமுத்துதான். முப்பத்தோரு வருடம் ரயில்வே கார்டாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் விசில் சட்டைப் பையிலேயே இருக்கும்.

"பையன் தங்கமான பையன்தான். வேற மதம்கிறதும் போகட்டும். ஆனா ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கறது நெசமா, நாலு மாச மயக்கமா? எழுத்துல காட்டுங்க. கெளம்புன ஸ்டேஷன் புத்தகத்துலயும் இருக்கணும், போய்ச் சேந்த ஸ்டேஷன் புத்தகத்துலயும் இருக்கணும். அப்பத்தான் வண்டி ஓடுச்சுன்னு நான் ஒத்துக்குவேன். பரிசு வந்தா தை மாசம் கல்யாணம். வரலைன்னா இந்தப் பேச்சையே விட்டுடணும்."

"நான் என்ன கூட்ஸ் வண்டியாப்பா?"

"கூட்ஸ் வண்டியைக்கூட நான் எழுதாம விட்டதில்லம்மா."

மாதம் முடிந்தது. நோட்டுகளில் இருந்ததையெல்லாம் கணினியில் ஏற்றினார்கள். ஒருவரின் இரண்டாம் கட்டத்தை மற்றவரின் மூன்றாம் கட்டத்தோடு ஒப்பிடும்படி அதற்குச் சொல்லியிருந்தார்கள். அதுவும் சமர்த்தாக ஒப்பிட்டது.

முடிவு கேட்க எல்லா ஜோடிகளும் கல்லூரியில் கூடினார்கள், சவரிமுத்துவும் வந்திருந்தார். முதலிடம் மருதநாயகம், பவளக்கொடி. அவர் காப்பீட்டு முகவர், அவள் தையல் டீச்சர். பூவரசன் கடை இருக்கும் அதே தெருவில்தான் வீடு. அறுபதுக்கு அறுபது!

"பாத்தீங்களா மேடம்! ஒன்பது வருஷத் தாம்பத்யம், ஒரு தவணை தவறலை! இப்பவே சேர்ந்தா இன்னும் நல்லது!" என்று மருதநாயகம் பழக்க தோஷத்தில் பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கோதைநாயகி மாதிரிக்கு ஒரு பக்கம் வாசித்தார். "பதினான்காம் தேதி, மத்தியானம் பன்னிரண்டு மணி. பவளத்துக்குக் கிரைண்டரில் இட்லி மாவு அரைத்துக் கொடுத்தேன்." பவளக்கொடியின் நோட்டிலும் அதே தேதி, அதே மணி, அதே மாவு. கைதட்டல் காதைப் பிளந்தது.

நடுவில் இருந்த பத்து ஜோடிகளில் யாரும் நாற்பதைத் தாண்டவில்லை. கடைசி இடம் ஜெசிந்தா, பூவரசன். மதிப்பெண் பூஜ்யம். இருவர் நோட்டிலும் முப்பது நாளும் இரண்டாம் கட்டம் காலி.

சவரிமுத்து எழுந்துவிட்டார். "வாம்மா, போகலாம்."

ஜெசிந்தாவின் முகம் சுண்டிப்போயிற்று. பூவரசன் தலையைச் சொறிந்தான். "பொய் எழுத வரலை சார். இவளுக்குன்னு தனியா நான் ஒன்னும் செஞ்சதா ஞாபகமே இல்ல."

"ஐயோ, நீ வாயை மூடு!" என்றாள் ஜெசிந்தா.

கோதைநாயகி அந்த இரண்டு நோட்டுகளையும் எடுத்து வாசித்தார். பூவரசனின் முதல் கட்டம்: "பதினான்கு. பராமரிப்பு வேலையாம், காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. கடையைப் பூட்டிவிட்டுக் குடையோடு மருந்துக்கடை வரை நடந்தேன். சும்மா." ஜெசிந்தாவின் மூன்றாம் கட்டம்: "பதினான்கு. கொளுத்துகிற வெயிலில் எனக்குக் குடை கொண்டுவந்தான்."

ஜெசிந்தாவின் முதல் கட்டம்: "இருபத்திரண்டு. அவன் கடையில் ஸ்க்ரூ பொறுக்கி விளையாடினேன். ஜாலி." பூவரசனின் மூன்றாம் கட்டம்: "இருபத்திரண்டு. நான் கொட்டிவிட்ட ஸ்க்ரூவையெல்லாம் ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து பொறுக்கித் தந்தாள்."

பக்கத்துக்குப் பக்கம் இதே கதை. சவரிமுத்து வாசற்படியில் நின்றுவிட்டார்.

"பூஜ்யம் பூஜ்யம்தானே மேடம்? டிக்கெட்டை இப்படிக் கொடுங்க," என்று மருதநாயகம் கையை நீட்டினார்.

"அதாவது, பாருங்கள்..." என்று ஆரம்பித்த கோதைநாயகி, டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு ஜோடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவருக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள். அவர் போட்ட விதிப்படியே பார்த்தால், டிக்கெட் யார் கைக்குப் போக வேண்டும்? சவரிமுத்து, தான் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, விசில் ஊத வேண்டுமா, வேண்டாமா?

விடை: கரண்ட் இல்லாத தெருவில் மத்தியானம் பன்னிரண்டுக்கு எந்தக் கிரைண்டர் ஓடும்? "ஒரே நாள்ல உக்காந்து எழுதும்போதே சொன்னேன், ரெண்டு மூணு தப்பு விடுங்கன்னு. கேட்டாத்தானே இந்த மனுஷன்!" என்று பவளக்கொடியே சிரித்துவிட்டாள். அன்றன்றைக்கு எழுதாத நோட்டு செல்லாது. அடுத்து, ஒருவர் நோட்டில் உள்ள செயல் மற்றவர் நோட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. எந்தக் கட்டத்தில் என்று அது சொல்லவில்லை. தவறு, கணினிக்குச் சொன்னவர்களுடையது. எல்லாக் கட்டத்தையும் சேர்த்துப் பார்த்தபோது நடுவில் இருந்த பத்து ஜோடிகளின் மதிப்பெண்ணும் மாறவில்லை. பூஜ்யம் மட்டும் ஐம்பத்து நான்காயிற்று. தனக்காகச் செய்தது எது, மற்றவருக்காகச் செய்தது எது என்று பிரிக்கத் தெரியாத இருவர்! சவரிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு நோட்டையும் பக்கம் பக்கமாக ஒத்துப் பார்த்தார். "கெளம்புன புத்தகத்துல இருக்கு. சேந்த புத்தகத்துலயும் இருக்கு. தண்டவாளத்தைத்தான் மாத்தி எழுதித் தொலைச்சிருக்கீங்க, தம்பி," என்றவர் பையிலிருந்து விசிலை எடுத்து நீளமாக ஊதினார். வகுப்பு முடிந்துவிட்டது என்று நினைத்து, கல்லூரியே ஓவென்று கத்திக்கொண்டு வெளியே ஓடியது.