துண்டுக்குள் இருந்த கை

"ஐயா, இன்னைக்கு என்னை அனுப்பாதீங்க. பயமா இருக்கு."

எயினன் முதலாளியின் எதிரே வந்து நின்றான்.

காயல் துறையில் முத்தும் மிளகும் விற்கிற பண்டகசாலையில் அவன் தொழில் பழகுகிறான். மிளகு மூட்டைமேல் படுத்து, எலி விரட்டி, தும்மித் தும்மியே வளர்ந்தவன். இப்போதுதான் முதலாளி கண்டன் சாத்தனார் அவனைப் பேரத்துக்கு உட்கார வைத்திருக்கிறார்.

பேரத்தில் வாய்க்கு வேலை இல்லை. இருவரும் ஒரு துண்டுக்கடியில் கையை விட்டு, எத்தனை விரல் பிடிக்கிறார்களோ அந்தக் கணக்கில் விலை சொல்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. விரல் சொன்னால் சொன்னதுதான், மாற்ற முடியாது.

நேற்று எயினனின் கை நடுங்கி, பிடித்த விரல்களில் ஒன்று நழுவிவிட்டது. வயிரவச் செட்டியார் அந்தக் குறைந்த கணக்கையே விலையாக எடுத்துக்கொண்டு மிளகை அள்ளிப் போனார்.

இன்று முத்து. வாங்க வருபவர் அதே செட்டியார். துறையில் அவருடைய கப்பல், இந்த முத்து ஏறினால் கிளம்பத் தயாராக நிற்கிறது.

"இன்னைக்கும் நழுவிச்சுன்னா, ஐயா?"

"அப்பன்கூட உப்பளத்துக்குப் போக வேண்டியதுதான்."

சாத்தனார் விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை. எயினனுக்கு உப்பில் வெடித்த அப்பாவின் பாதங்கள் கண்முன் வந்தன.

"நீங்களே வாங்களேன், ஐயா. செட்டியார் போடுற சத்தத்துக்கே எனக்கு உசுரு போகுது."

"உன் கை நடுங்கிச்சு, சரி. அவரு கை எப்படி இருந்துச்சு?"

எயினன் தன் கையைப் பார்த்தான்.

"தெரியலைங்க. என் கையைச் சமாளிக்கிறதே பெரும்பாடா இருந்துச்சு."

"அப்போ நேத்து யார்கிட்டடா பேரம் பேசின?"

சாத்தனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவனிடம் எறிந்துவிட்டு, மிளகு நிறுக்கப் போய்விட்டார்.

செட்டியார் ஆட்கள் புடைசூழ வந்து உட்கார்ந்தார்.

"என்னடா பொடியா, இன்னைக்கும் ஆடப் போறியா?"

கூட்டம் சிரித்தது. எயினனுக்குப் பயம் கொஞ்சமும் குறையவில்லை. துண்டை விரித்து, அதற்கடியில் கையை நீட்டினான்.

செட்டியார் இன்னும் உரக்கச் சிரித்தார்.

துண்டுக்குள் அவருடைய விரல்கள் வியர்த்து, சில்லிட்டு, நடுங்கிக்கொண்டிருந்தன.