ஒரே முடிச்சு

உடற்கூறு வகுப்பில் அறுத்து வைத்திருந்த உடலைக் காட்டி, பேராசிரியர் தணிகாசலம் ஒரு துண்டு நூலை நீட்டினார்.

“இரைப்பை, ஈரல், மண்ணீரல். மூன்றுக்கும் போகிற ரத்தக்குழாய்களை ஒரே முடிச்சில் அடைக்கவேண்டும். முடியாவிட்டால் பொங்கலுக்கு ஒருத்தரும் ஊருக்குப் போகக்கூடாது!”

மூன்றும் மூன்று பக்கம் கிடக்கின்றன. மூட்டை கட்டி வைத்திருந்த மாணவர்கள் திருதிருவென்று விழித்தார்கள்.

மேசை துடைக்கிற எல்லப்பனுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“நான் கட்டட்டுங்களாய்யா?”

“நீயா? கட்டு, பார்ப்போம்!” பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார்.

எல்லப்பன் இரைப்பையை மெல்ல ஒதுக்கினார். உள்ளே பெரிய ரத்தக்குழாயான மகாதமனியிலிருந்து ஒரு குட்டைக் குழாய் கிளம்பியது. அது மூன்றாகப் பிரிவதற்கு முன்பே இறுக்கி முடிச்சுப் போட்டார்.

சிரிப்பு நின்றது. “யாருய்யா உனக்குச் சொல்லிக்கொடுத்தது?”

“நீங்கதாங்கய்யா. வருஷா வருஷம் நீங்க கட்டிக் காட்டுற முடிச்சை, சாயங்காலம் அவுக்கிறது நான்தானுங்களே!”