தொட்டிச் சாறு

ஓசூர் ஆலையில், தொட்டியில் புளிக்கவைத்த பீட்ரூட் சாற்றைச் சூடான காற்றில் புகைபோலத் தெளித்துப் பொடியாக்குவது இருளப்பன் வேலை. ஊரில் பிறந்த மகளை அவன் இன்னும் தொட்டதில்லை. போனில் அவள் சிரித்தால் திரையைத் தடவுவான், கண்ணாடி சில்லென்றிருக்கும்.

லீவு கேட்டான்.

"தினம் போன்ல பார்க்கிறியே! அதே முகம், அதே சிரிப்பு. நேர்ல என்னடா புதுசா?" என்றார் முதலாளி வேதநாயகம்.

மதியம் வழக்கம்போல், "தொட்டியிலேர்ந்து ஒரு டம்ளர் சாறு கொண்டாடா" என்றார். இருளப்பன் பொடியைத் தண்ணீரில் கலக்கி நீட்டினான். ஒரு வாய் குடித்தவர் முகம் சுளித்தார்.

"பொடியையா கலக்கினே? தொட்டிச் சாறு நாக்குல சுரீர்னு ஏறுமேடா. இதுல அந்த உயிரே இல்லையே!"

"அதே நிறம், அதே புளிப்புதானே முதலாளி?"

வேதநாயகம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "உங்க ஊருக்கு எப்படா பஸ்ஸு?"