தலையில்லாக் கிழங்கு

மூங்கிலும் தேக்கும் நெருக்கியடித்து வளர்ந்த ஒரு காட்டில், கூரி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. கணவன் ஊசன், மூன்று குட்டிகள், ஓடைக்கு மேற்கே ஒரு மலைச்சரிவு. இவ்வளவுதான் அதன் சொத்து. அந்தச் சரிவில் காட்டு வள்ளிக்கிழங்கு செழித்துக் கிடந்தது.

கொடி காய்ந்ததும் குடும்பமே வேலையில் இறங்கும். ஊசன் தோண்டும். குட்டிகள் மண்ணைத் தட்டும். கூரியோ, கொடி ஒட்டியிருக்கும் தலைப்பகுதியைக் கடித்துத் தனியாக எடுத்து, அதே குழியில் திரும்ப வைத்துச் சருகு போட்டு மூடிவிடும். மிச்சக் கிழங்குதான் ஓடைக்கரைச் சந்தைக்குப் போகும். கரடி அதற்குத் தேன் தரும். குரங்கு பலாச்சுளை தரும். யார் கையையும் எதிர்பார்க்காத பிழைப்பு.

கிழக்குச் சரிவு காட்டுப்பன்றிக்குச் சொந்தம். அங்கும் அதே கிழங்குதான். பன்றிக்குப் பொறுமை ஏது? கோரைப்பல்லால் குத்திக் கிளப்பி, ஒரு துண்டு விடாமல் அள்ளிக்கொண்டு சந்தைக்கு வந்தது.

"முழுக் கிழங்கு! முழுக் கிழங்கு! கூரி விக்கிறது தலையில்லாக் கிழங்கு. நல்ல துண்டை ஒளிச்சு வச்சுட்டு மிச்சத்தை உங்களுக்குத் தள்ளி விடுறா!" என்று கூவியது.

கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. அடுத்தடுத்து மூன்று சந்தை நாளிலும் கூரியின் கிழங்கை யாரும் சீண்டவில்லை.

"இந்த ஒரு வருஷம் நாமளும் தலையோட குடுத்துடலாமே. குட்டிங்க தேனுக்கு ஏங்குதுங்க" என்றது ஊசன்.

"குட்டிங்க அடுத்த வருஷமும் சாப்பிடணுமே" என்றது கூரி.

சொல்லிவிட்டதே தவிர, அதற்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் பாருங்கள் பிள்ளைகளே, அழுதுகொண்டே ஒவ்வொரு தலையாக நட்டு முடித்தது. அந்த உறுதி எத்தனை பேருக்கு வரும்?

மழை வந்தது. மேற்குச் சரிவு முழுக்கக் கொடி படர்ந்தது. கிழக்கே வெறும் புல்தான் முளைத்தது. பன்றி நேராக, காட்டு வழக்குகளைத் தீர்த்துவைக்கும் யானையிடம் போய் நின்றது.

"ஐயா, மோசம் போயிட்டேன்! என் கிழங்கையெல்லாம் கூரி திருடிட்டுப் போய் அவ சரிவுல புதைச்சுட்டா. புதைச்சதை என் கண்ணால பார்த்தேன். அந்தச் சரிவை எனக்கு வாங்கிக் குடுங்க!"

யானை எல்லா விலங்குகளையும் கூட்டியது.

"கூரி, நீ மண்ணுல புதைச்சது உண்மையா?"

"உண்மைதாங்க ஐயா."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஊசனுக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. சரிவு போனால் ஐந்து உயிரும் எங்கே போகும்?

கூரி ஓர் அடி முன்னால் வந்தது. "நான் புதைச்சது என் கிழங்கோட தலைங்க. தலையை நட்டாத்தானே கொடி வரும்? பன்றி அண்ணன் கிழங்கோட தலைங்க எங்கே போச்சுன்னு இங்க நிக்கிறவங்களையே கேளுங்க ஐயா."

யானை திரும்பிப் பார்த்தது. கரடி மூக்கைச் சொறிந்தது.

"நான் தின்னுட்டேங்க. கொஞ்சம் நாரா இருந்துச்சு."

"நானும்தான். முழுக் கிழங்குன்னு சொல்லித்தானே குடுத்தாரு" என்றது குரங்கு.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு விடல" என்று முனகியது கீரி.

யானைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பன்றியாரே, உங்க கிழங்கை யாரும் திருடல. அடுத்த வருஷத்துக் கிழங்கையும் போன வருஷமே நீங்க வித்துட்டீங்க. நாங்களும் வாங்கித் தின்னுட்டோம். மேற்குச் சரிவு கூரியோடதுதான்!"

பன்றி தலை குனிந்து நின்றது. கூரிக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பருவத்தில் கிழங்கு தோண்டியபோது, நல்லதாக நான்கு தலைகளைப் பொறுக்கிப் பன்றியிடம் கொண்டு போய்க் கொடுத்தது.

"தின்னுடாதீங்க அண்ணே. நட்டு வைங்க. ஒரு மழைக்குப் பொறுங்க."

பழக்க தோஷம், பன்றி ஒன்றைச் சட்டென்று வாயில் போட்டுக்கொண்டது. பிறகு வெட்கத்தோடு குழி பறித்து மற்ற மூன்றையும் நட்டது.

நீதி: விளைச்சலை விற்றுப் பிழைக்கலாம், விதையையும் சேர்த்து விற்றால் பிழைப்பே போய்விடும்.